தாமிரபரணிக் கழிமுகப் பயணம்

தாமிரபரணிக் கழிமுகம் என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ள வண்டல் நிலப்பகுதி ஆகும். மேற்கே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு முதல் கிழக்கே புன்னைக்காயல் முகத்துவாரம் வரை ஏறத்தாழ 20 முதல் 25 கி.மீ. நீளம் கொண்டது. காவிரிக் கழிமுகத்துடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆயினும் ஓர் ஆறு நிலத்தை எவ்வாறு ஆக்குகிறது, துறைமுகங்களை எவ்வாறு தூர்க்கிறது, நீர் குறையும்போது கடல் எவ்வாறு உள்ளே ஏறுகிறது என்பவற்றை ஓரிரு நாட்களில் கண்ணால் கண்டுகொள்ளத் தக்க அளவில் அமைந்திருப்பதே இதன் சிறப்பு. பேருந்தில் செல்வோருக்கு இப்பகுதி வாழைத்தோட்டங்களும் பாலங்களும் கொண்ட அரைமணி நேரச் சாலையாக மட்டுமே தோன்றும். மிதிவண்டியும், அது செல்ல முடியாத இடத்தில் படகும் இதனைக் காண்பதற்கு ஏற்ற ஊர்திகள் ஆகும்.

இக்கட்டுரை, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் உள்ள பசுவந்தனையில் தொடங்கிப் புன்னைக்காயலில் முடியும் வழியைப் பின்பற்றிக் கழிமுகத்தை விளக்குகிறது. கரிசலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆற்று நீர் யாருக்கு உரியது என்ற வினா, நீர் இல்லாத ஊரிலிருந்து புறப்பட்டால்தான் சரியாக விளங்கும்.

பசுவந்தனையும் கரிசல் நிலமும்

பசுவந்தனை, கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் உள்ள ஊர் ஆகும். இங்குள்ள கைலாசநாதர் கோயில் இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. பசு வந்து அணைந்த இடமாதலின் பசுவந்தனை எனப் பெயர் பெற்றதாக ஊர்வழக்குக் கூறுகிறது.

சுற்றிலும் உள்ள நிலம் மானாவாரிக் கரிசல். பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், மிளகாய் ஆகியன வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விளைகின்றன. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 650 மி.மீ. அளவே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து முடிந்துவிடும். கோவில்பட்டியில் 1901 இல் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், இத்தகைய நிலத்துக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தி இனங்களை உருவாக்கியதால் அறியப்பட்டது.

கரிசலில் நீர்நிலையைக் கண்மாய் என்பர். குடிநீருக்கு ஊருணி. ஆற்றுப்பாசனப் பகுதிக்குச் சென்றால் கண்மாய் என்ற சொல் மறைந்து, குளம், கால், மடை என்ற சொற்கள் வழங்குவதைக் கேட்கலாம். சொல் மாறும் இடத்தில் நீரும் மாறியிருக்கும். கண்மாய் மழைநீரைப் பிடித்து வைப்பது. கழிமுகத்துக் குளம், ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட காலின் வழியாக வரும் நீரைத் தேக்குவது.

எனினும் கரிசலுக்கும் தாமிரபரணிக்கும் தொடர்பே இல்லை எனக் கூறுதல் தவறு. கோவில்பட்டி நகரம், சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி நீர் பெறுகிறது. வட்டாரத்தின் வேறு பல ஊர்களும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியாக அவ்வாற்று நீரையே குடிக்கின்றன. கோடையில் குடத்துடன் குழாயடியில் காத்திருக்கும் கரிசல் குடும்பமும், கடைமடையில் நாற்றங்காலுக்கு நீர் வரவில்லை என முறையிடும் உழவரும் ஒரே ஆற்றின் இரு பங்காளிகள் ஆவர்.

மிதிவண்டிப் பயணத்துக்குரிய காலம்

இவ்வழிக்குத் தை, மாசி மாதங்கள் மிகப் பொருத்தமானவை. மழை ஓய்ந்திருக்கும், கரிசலில் பருத்தியும் மிளகாயும் பறிப்பில் இருக்கும், ஆற்றுப்பகுதியில் பிசான நெல் முற்றி நிற்கும்.

மழைக்காலத்தில் கரிசல் வண்டிப்பாதையில் மிதிவண்டி ஓட்டுதல் இயலாது. நனைந்த கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு சில அடி தூரத்திலேயே சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்திவிடும். அப்போது வண்டியைத் தோளில் தூக்கிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் அதே மண் கால் புதையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்று கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு உதவும், திரும்புவோரை வாட்டும். சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் சக்கரக் குழாயைத் துளைப்பது எக்காலத்துக்கும் பொதுவானது. ஆகவே ஒட்டுப்போடும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் உடன் இருத்தல் வேண்டும்.

கரிசலிலிருந்து ஆற்றுக்கு

பசுவந்தனையிலிருந்து தெற்கே ஓட்டப்பிடாரம் வழியாகத் தூத்துக்குடி - திருநெல்வேலி நெடுஞ்சாலையில் உள்ள புதுக்கோட்டையை அடையலாம். ஓட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872 இல் பிறந்த ஊர். அதன் அருகில்தான் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி உள்ளது. இவை தனிக்கட்டுரைகளுக்கு உரியவை.

புதுக்கோட்டைக்குத் தெற்கே இரு வழிகள் உள்ளன. ஒன்று சாயர்புரம் வழியாக நேரே ஏரலுக்குச் செல்வது. சாயர்புரத்தை அணுகும்போது கருமண் முடிந்து செம்மணல் தொடங்கும். தேரி எனப்படும் இச்செம்மணல் பரப்புகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் ஆகிய ஆய்வாளர்கள் 1956 இல் எழுதினர். சாயர்புரம் அவர்கள் குறிப்பிட்ட இடங்களுள் ஒன்று. மற்றொரு வழி மேற்கே வாகைக்குளம் சென்று ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவது. இரண்டாவது வழி நீண்டது. ஆயினும் கழிமுகத்தைத் தலையிலிருந்து காண விரும்புவோர் அதனையே தேர்தல் நன்று.

கரிசலின் திறந்த வெளியில் பல மணிநேரம் மிதித்து வந்தவருக்கு ஸ்ரீவைகுண்டத்தை நெருங்கும்போது முதலில் தெரிவது ஆறு அன்று; காற்றின் மாற்றமே. வாழையும் தென்னையும் நெருங்கிய இடத்தில் வெப்பம் சட்டெனத் தணியும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு

பொதிகை மலையில் தோன்றி ஏறக்குறைய 125 கி.மீ. ஓடும் தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870களில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. இதிலிருந்து வடகால், தென்கால் என இரு வாய்க்கால்கள் பிரிகின்றன. தென்காலின் நீர் கடம்பாகுளம் முதலிய குளங்களையும், வடகாலின் நீர் தூத்துக்குடிக்கு அருகில் உள்ள கோரம்பள்ளம் குளம் வரையிலான குளங்களையும் நிரப்புகிறது.

மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய இரு அணைக்கட்டுகளின் நான்கு கால்களாலும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறக்குறைய 46 ஆயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. கார், பிசானம் என்பன இரு முதன்மைப் போகங்கள். நீர் மிகுந்த ஆண்டுகளில் முன்கார் சாகுபடியும் உண்டு. முன்காருக்கு நீர் திறப்பதா, குடிநீருக்கு நிறுத்தி வைப்பதா என்பது கோடைதோறும் எழும் பூசல்.

அணைக்கட்டின் மேல்புறத்தில் நீண்ட காலமாகப் படிந்த வண்டலால் அதன் கொள்ளளவு பெரிதும் குறைந்திருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுக்கப்பட்ட வழக்கையடுத்து 2015 இல் தூர்வாரும் பணி மேற்கொள்ளப்பட்டது. இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. கழிமுகத்தை வளர்க்க வேண்டிய வண்டல் அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நிற்கிறது. மற்றொரு பகுதி மணல் கட்டடப் பணிக்காக ஆற்றிலிருந்து அள்ளப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது.

வடகரைச் சாலை

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரை ஆற்றின் வடகரையை ஒட்டிச் செல்லும் சாலையே இப்பயணத்தில் மிதிவண்டிக்கு மிக உகந்த பகுதி ஆகும். ஏற்ற இறக்கம் இல்லை. வாய்க்கால் கரையும் சாலையும் பலவிடங்களில் அடுத்தடுத்துச் செல்கின்றன. நவதிருப்பதி எனப்படும் ஒன்பது வைணவத் தலங்கள் ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி ஆற்றின் இரு கரைகளிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றான பெருங்குளம் இவ்வழியில் உள்ளது. நம்மாழ்வாருடன் தொடர்புடைய ஆழ்வார்திருநகரியும், தென்திருப்பேரையும் தென்கரையைச் சார்ந்தவை.

நவகைலாயம் எனப்படும் ஒன்பது சிவத்தலங்களும் இவ்வாற்றைத் தொடர்ந்தே அமைந்துள்ளன. உரோமச முனிவர் ஆற்றில் விட்ட மலர்கள் கரை சேர்ந்த இடங்களே இத்தலங்கள் என்பது தலபுராணம். பாபநாசத்தில் தொடங்கும் இவ்வரிசையின் கடைசித் தலம், கடலுக்கு அருகில் உள்ள சேர்ந்தபூமங்கலம் ஆகும். புராணத்தின் உண்மை எவ்வாறாயினும், நீரோட்டத்தில் மிதந்து செல்லும் பொருளைக் கொண்டு ஆற்றின் நீளத்தை அளந்த மனப்பாங்கு அதில் தெரிகிறது. கைலாசநாதரை வழிபடும் பசுவந்தனையிலிருந்து புறப்பட்டவர், வழியின் முடிவிலும் ஒரு கைலாசநாதரையே காண்பது தற்செயலான பொருத்தம்.

இச்சாலையில் மிதிவண்டி வேடிக்கைப் பொருளன்று. வாழைத்தார் ஏற்றிச் செல்வதற்கும், மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்வதற்கும், உப்பளத் தொழிலாளர் விடியுமுன் வேலைக்குச் செல்வதற்கும் அது பயன்பட்டு வந்துள்ளது. மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்டபோதிலும் வாய்க்கால் கரையின் ஒற்றையடிப் பாதைகளில் அதன் இடம் முற்றிலும் போய்விடவில்லை.

ஏரல், ஆற்றின் வடகரையில் உள்ள வணிக ஊர் ஆகும். இங்குள்ள அருணாசல சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கூடுவர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று.

கொற்கை: கடலை இழந்த துறைமுகம்

ஏரலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் வயல்களுக்கும் வாழைகளுக்கும் நடுவே கொற்கை உள்ளது. சங்க இலக்கியம் முத்துக்காகப் போற்றும் பாண்டியர் துறைமுகம் இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடல் வழிகாட்டி நூல் இதனைக் கொல்கை எனக் குறித்து, இங்கு தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தல் நடைபெற்றதாகக் கூறுகிறது. தாலமியும் இத்துறையைக் குறிப்பிடுகிறார்.

இன்று கடல் கொற்கையிலிருந்து சுமார் ஆறு, ஏழு கி.மீ. தள்ளி உள்ளது. ஊருக்குள் நின்றால் கடலின் ஓசையும் இல்லை, மணமும் இல்லை. துறைமுகம் எங்கே எனக் கேட்டு வருபவருக்கு ஊரார் காட்டுவது ஒரு பழைய வன்னிமரமும், அக்காசாலைப் பிள்ளையார் கோயிலும், குளக்கரையில் உள்ள அம்மன் கோயிலுமே. அக்காசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலையைக் குறிக்கும் பழஞ்சொல்.

இவ்வியப்புக்கு முதலில் நில அடிப்படையில் விளக்கம் தேடியவர் இராபர்ட் கால்டுவெல் ஆவார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அறியப்படும் இவர், 1870களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, 1877 இல் அதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். வண்டலுக்குக் கீழே சிப்பிகள் கலந்த கடல்மணல் காணப்படுவதை அவர் சான்றாகக் கொண்டார். ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலகியது. கொற்கை பயனற்றுப் போனபோது வணிகர் கடலைத் தொடர்ந்து சென்று காயலை அமைத்தனர். அதுவும் தூர்ந்தபோது புன்னைக்காயல் எழுந்தது என்பது அவருடைய கருத்தின் சாரம். இது பெரும்பாலும் ஏற்கப்பட்டுள்ளது. ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதற்கும் பழைய தடங்கள் சான்றாக உள்ளன.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69 இல் இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரிப்பொருளின் காலம் கி.மு. 785 என மதிப்பிடப்பட்டது. 2021 இல் மீண்டும் நடந்த அகழாய்வில் செங்கற் கட்டுமானமும், துளைகளுடன் கூடிய ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாயும் வெளிப்பட்டன.

பழையகாயலும் உப்பளங்களும்

கொற்கைக்கும் கடலுக்கும் ஏறக்குறைய நடுவில் பழையகாயல் உள்ளது. காயல் என்பது கடலோடு தொடர்புடைய ஆழமற்ற நீர்ப்பரப்பைக் குறிக்கும் சொல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கிய பெருந்துறையாகக் காயலை வருணிக்கிறார். அது பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. தெற்கே உள்ள காயல்பட்டினமே அது என்போரும் உளர். இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதாலும், காயல் என்பது பொதுப்பெயர் ஆதலாலும் இவ்வழக்கு எளிதில் தீர்வதாக இல்லை.

இன்று பழையகாயலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிவன உப்பளங்கள். அணு எரிபொருள் வளாகத்தின் சிர்க்கோனியம் ஆலையும் 2009 முதல் இங்கு உள்ளது. உப்பளக் காலத்தில் வெண்குவியல்களுக்கு இடையே மிதிவண்டியில் செல்வோர் முற்பகல் பத்து மணிக்குள் இப்பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. வெயிலைவிடத் தரையிலிருந்து எழும் ஒளியே கண்ணை வருத்தும். நீர் நிறைந்த பாத்திகளில் பூநாரைகளையும் உள்ளான்களையும் காணலாம். வாழைத்தோட்டமும் உப்பளமும் ஒரு கூப்பிடு தொலைவில் இருப்பது இக்கழிமுகத்தின் இயல்பு. நன்னீர் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரம் வாழை, அதற்கப்பால் உப்பு. அவ்வெல்லை வரைபடத்தில் வரையப்பட்ட கோடு அன்று. ஆற்றில் நீர் வரத்துக் குறைந்தால் அது மேற்கு நோக்கி நகரும்.

ஆத்தூரும் உப்புநீர் ஏற்றமும்

முக்காணி வடகரையிலும் ஆத்தூர் தென்கரையிலும் உள்ளன. தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலை இங்கு ஆற்றைக் கடக்கிறது. ஆத்தூர் வட்டாரத்தின் வெற்றிலைக் கொடிக்கால்கள் பெயர் பெற்றவை; ஆத்தூர் வெற்றிலை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. அகத்தி நிழலில் படரும் வெற்றிலைக்கு வேரடியில் எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கவும் கூடாது. உப்பேறிய நீரை அது தாங்காது. ஆகவே கொடிக்கால்காரர் சுவைத்துப் பார்த்தே கிணற்று நீரை மதிப்பிடுவர்.

நிலத்தடி நீர் உப்பாவதைத் தடுக்கும் நோக்குடன் முக்காணி அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. இதனால் மேல்புறத்தில் நன்னீர் தேங்கும். கீழ்ப்புறம் செல்லும் நீரின் அளவு குறையும் என்பதும் உண்மையே.

தாமிரபரணி நீரைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி வழங்கும் தொடர் வீணாகக் கடலில் கலக்கும் நீர் என்பதாகும். வெள்ளநீரைச் சாத்தான்குளம் முதலிய வறண்ட பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009 இல் தொடங்கப்பட்டபோதும் இத்தொடர் பெரிதும் கேட்கப்பட்டது. தேரிக்காட்டிலோ கரிசலிலோ நின்று பார்த்தால் அது நியாயமான சொல்லே. ஊருணி வற்றிய ஊரில் இருப்பவரிடம் கடலுக்கும் நீர் வேண்டும் எனக் கூறுவது எளிதன்று. ஆனால் ஆத்தூர்க் கிணற்றடியில் நின்றால், கடலுக்குப் போகும் நீர் போகும் வழியில் செய்யும் வேலை தெரியும். அது உப்பைத் தள்ளி நிறுத்துகிறது. வண்டலைக் கரைக்குக் கொண்டுவருகிறது. முகத்துவாரத்தைத் திறந்து வைக்கிறது. வெள்ள உபரி நீரை எடுப்பதும், சிறுநீரோட்டக் காலத்து நீரை எடுப்பதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு இவ்விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்கது தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் எடுக்க வகுக்கப்பட்ட திட்டம். இதனால் கடைமடை வறள்கிறது என்பது உழவர் அமைப்புகளின் நீண்டகாலக் குறை. தொழிற்சாலைகளுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்து வழங்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை.

புன்னைக்காயல்: படகு தொடங்கும் இடம்

ஆத்தூரிலிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாகச் செல்லும் சாலை புன்னைக்காயலில் முடிகிறது. மிதிவண்டி இதற்கு மேல் செல்லாது.

புன்னைக்காயல் பரதவர் வாழும் மீனவ ஊர் ஆகும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கேயரின் முதன்மையான இருப்பிடமாக விளங்கியது. பிரான்சிசு சேவியர் 1542 இல் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் இங்கு தங்கிய என்றிக்கே என்றீக்கசு அடிகள் தமிழ் கற்றுத் தமிழிலேயே நூல்கள் எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் இதுவே. 1586 இல் வெளிவந்த அடியார் வரலாறு புன்னைக்காயலில் அச்சிடப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அவ்வாறாயின், இன்றைய தமிழ்நாட்டின் முதல் அச்சுக்கூடம் இச்சிற்றூரில் இருந்ததாகும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் தூத்துக்குடிக்கு மாறினர். கொற்கை, காயல், புன்னைக்காயல் என ஆற்றைப் பின்தொடர்ந்து வந்த துறைமுகம் இறுதியில் ஆற்றை விட்டே விலகிச் சென்றுவிட்டது. அதன் பின்னரே தூராத துறை கிடைத்தது எனலாம். முத்துக்குளிப்பும் 1961 க்குப் பின் நடைபெறவில்லை.

இராசகன்னி மாதா ஆலயத்தைக் கடந்து ஆற்றோரம் சென்றால் வள்ளங்களும் நாரிழைப் படகுகளும் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இவை மீன்பிடிப் படகுகள். பயணிகளுக்கென அமைந்தவை அல்ல. ஆற்றுக்குள் மட்டும் சென்று வர விரும்புவோர் படகுக்காரரிடம் முன்னரே பேசி வைத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. அன்று படகு கிடைக்கலாம், காலைத் திருப்பலி முடிந்த பிறகே.

ஒரு செய்தியை இங்கு விரிவாகக் கூற வேண்டும். 2017 பெப்ரவரியில், இதே கரையில் தெற்கே உள்ள மணப்பாடு கடற்பகுதியில், சுற்றுலா வந்தோரை அளவுக்கு மேல் ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் உயிரிழந்தனர். முகத்துவாரத்தில் ஆற்றோட்டமும் அலையும் எதிர்ப்படும் மணல் திட்டின்மேல் நீர் ஆழம் குறைவாகவும் அலை குத்தாகவும் இருக்கும். பழகிய மீனவர்களே காற்றும் அலையும் பார்த்து இதனைக் கடப்பர். ஆகவே காண வருவோர் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் செல்லுதல் கூடாது. உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில் ஏறுதலும் கூடாது. கழிமுகத்தில் காணத்தக்கவை அனைத்தும் திட்டுக்கு உட்புறத்திலேயே உள்ளன.

படகில் இருந்து காணப்படுவது

கடைசிப் பகுதியில் ஆறு கிளைகளாகப் பிரிந்து, நடுவே தாழ்ந்த திட்டுகளை விட்டுச் செல்கிறது. இத்திட்டுகளின் ஓரத்தில் அலையாத்தி மரங்கள் வளர்ந்துள்ளன. வெண்கண்டல் இங்கு மிகுதி. சேற்றிலிருந்து விரல்களைப் போல மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் புதைந்த வேருக்கு இவை காற்றைக் கொண்டு செல்கின்றன. உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுவதால், இலையைத் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும்.

மன்னார் வளைகுடாவில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆதலால் வங்கத்துக் கழிமுகங்களைப் போல நாள்தோறும் நிலமும் நீரும் இடம் மாறும் காட்சி இங்கில்லை. மாற்றம் மெதுவானது, ஆண்டுக் கணக்கில் நிகழ்வது. சென்ற ஆண்டு படகு போன வழி இவ்வாண்டு தட்டும். முகத்துவாரம் மணலால் மேடிட்டு அடைபடுவது புன்னைக்காயல் மீனவரின் தொடர்ந்த இடர். ஆற்றில் நீர் மிகுந்து ஓடினால் அது தானே திறந்துகொள்ளும். ஓடாத ஆண்டுகளில் இயந்திரம் கொண்டு அள்ள வேண்டியுள்ளது. மேலே அணைக்கட்டில் நீரைத் திறக்கும் முடிவு, கீழே ஒரு வள்ளம் கடலுக்குப் போவதா இல்லையா என்பதையும் தீர்மானிக்கிறது. இத்தொடர்பைச் சாலையில் இருந்து அறிய இயலாது.

படகிலிருந்து மேற்கே நோக்கினால் பனை, தென்னை வரிசைகளுக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. அவ்வளவு தாழ்ந்த நிலம். கொற்கை இருந்த திசையைப் படகுக்காரர் கைகாட்டிக் கூறினால்தான் உண்டு.

2023 வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94.6 செ.மீ. மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை விட இது மிகுதி. தாமிரபரணியில் வெள்ளம் கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்தது. ஏரல் பாலத்தை இணைக்கும் சாலை அடித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். சில நாட்களுக்கு ஊர்களுக்குள் செல்ல மீனவரின் படகுகளே துணையாயின. மிதிவண்டி ஓடிய தெருவில் படகு ஓடியது.

கழிமுகம் என்பது வெள்ளத்தால் ஆன நிலம். கொற்கையின் மேல் படிந்த வண்டலும் இத்தகைய நாட்களில் வந்ததே. ஆனால் கொற்கை தூர்ந்த காலத்தில் இவ்வளவு வீடுகள் ஆற்றின் படுகையை ஒட்டி இருந்திருக்க மாட்டா.

வெள்ளத்துக்குப் பின் வாய்க்கால் கரைகள் பலவிடங்களில் உடைந்து செப்பனிடப்பட்டுள்ளதால், பழைய வரைபடங்களில் உள்ள கரைப்பாதைகள் அனைத்தும் தொடர்ச்சியாக இருக்கும் எனக் கொள்ளலாகாது. மழைக்காலத்தில் கரைப்பாதையைத் தவிர்த்துச் சாலையிலேயே செல்லுதல் வேண்டும்.

பயணிகளுக்கான குறிப்புகள்

பசுவந்தனை முதல் புன்னைக்காயல் வரை சாயர்புரம் வழியாக ஏறத்தாழ 60 முதல் 70 கி.மீ. உள்ளது. ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்றால் இன்னும் நீளும். ஸ்ரீவைகுண்டத்திலோ ஏரலிலோ ஓர் இரவு தங்கி இரண்டு நாட்களில் முடிப்பது வசதி. ஓட்டப்பிடாரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே நிழல் குறைவு என்பதால் குடிநீரை நிரப்பிக்கொண்டு செல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே அக்கவலை இல்லை. ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம். மணல் அள்ளிய பள்ளங்கள் இருப்பதால் உள்ளூரார் குளிக்கும் துறைகளில் மட்டும் இறங்க வேண்டும். புன்னைக்காயலில் மிதிவண்டியை யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையோரம் நிறுத்திவிட்டுப் படகில் செல்லலாம். திரும்பும்போது மேல்காற்று எதிர்த்து வீசினால் ஆத்தூரில் பேருந்து ஏறுவோரும் உண்டு. வண்டியைப் பேருந்தின் மேல் ஏற்ற நடத்துநர் ஒப்புக்கொள்ள வேண்டும்.